எவாஞ்சலியன் தொடரின் முடிவும் அதன் மேல் எழுந்த கோபமும்

நீங்கள் கேட்டிருப்பது ஒரே கேள்விபோலத் தெரிந்தாலும் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. 'நியான் ஜெனிசிஸ் எவாஞ்சலியன்' என்ற ஜப்பானிய அனிமேஷன் (அனிமே) தொடரின் 26 பகுதிகளையும் பார்த்து முடித்திருக்கிறீர்கள். கடைசி இரண்டு பகுதிகள் உங்களுக்குப் பெரும் ஏமாற்றத்தைத் தந்திருக்கின்றன. அதன் பிறகு தேடிப் படித்தபோது, பணம் தீர்ந்துபோனதால்தான் அப்படி முடித்தார்கள் என்றும், கொதித்துப்போன ரசிகர்கள் இயக்குநர் ஹிடேயாகி அன்னோவுக்குக் கொலை மிரட்டல் விடுத்தார்கள் என்றும், அவர்களைப் பழிவாங்குவதற்காகவே அவர் 1997இல் திரைப்படத்தை எடுத்தார் என்றும் பலர் எழுதியிருப்பதைக் கண்டு, இவை உண்மைதானா, அந்தப் படத்தைப் பார்க்கலாமா என்று கேட்கிறீர்கள். முடிவு ஏன் அப்படி அமைந்தது, பார்வையாளர்கள் அதை உண்மையில் எப்படி எதிர்கொண்டார்கள், திரைப்படம் அந்த எதிர்வினைக்கான பதிலா என்று இதைப் பிரித்துக்கொள்வது நல்லது. ஏனென்றால் இந்த மூன்றில் முதலாவதற்கு நல்ல ஆதாரங்கள் இருக்கின்றன, இரண்டாவதற்குப் பாதி ஆதாரமே இருக்கிறது, மூன்றாவதில் பெரும்பகுதி மற்றவர்களின் ஊகம்.

நான் அனிமேஷன் துறையில் பல ஆண்டுகளாக ஸ்டோரிபோர்டு, அதாவது காட்சிகளை வரிசையாக முன்கூட்டியே காட்டும் திட்டப்படங்கள், வரைபவன். இளம் ஓவியர்களுக்கு அந்தக் கலையைக் கற்றும் கொடுக்கிறேன். ஒரு காட்சி எப்படித் தயாராகிறது, நேரம் போதாதபோது எதை வெட்டுவார்கள், எதை விட்டுவைப்பார்கள் என்பதைப் பற்றி நான் சொல்வதை நீங்கள் நம்பலாம். ஆனால் எனக்கு ஜப்பானிய மொழி வேலைக்குத் தேவையான அளவே தெரியும். அன்னோவும் அவருடைய குழுவினரும் அளித்த நேர்காணல்களைப் பெரும்பாலும் மொழிபெயர்ப்பில்தான் படித்திருக்கிறேன். ஆகவே 'அவர் மனத்தில் இதுதான் இருந்தது' என்று அடித்துச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

தொடர் டிவி டோக்கியோ அலைவரிசையில் 1995 அக்டோபர் 4 முதல் 1996 மார்ச் 27 வரை, புதன்கிழமை தோறும் மாலை ஆறரை மணிக்கு ஒளிபரப்பானது. பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் தொலைக்காட்சி முன் உட்காரும் நேரம் அது. இன்று நாம் 24ஆம் பகுதி முடிந்த அடுத்த நொடியே 25ஆம் பகுதியைப் பார்த்துவிடுகிறோம். அன்றைய பார்வையாளர் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் காத்திருந்தார். அந்த ஒரு வாரத்தில் என்ன எதிர்பார்ப்பு வளர்ந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மனிதர்களைத் தாக்கவரும் 'தூதர்களில்' கடைசியானவனான கவோருவைக் கதைநாயகனான சிறுவன் ஷின்ஜி தன் கையாலேயே கொன்றுவிட்டான். மனிதப் பூரணத்துவத் திட்டம் என்றால் என்ன, ஸீலே என்ற இரகசியக் குழுவுக்கு என்ன வேண்டும், ஷின்ஜியின் தந்தை கெண்டோ யாருக்காக இதையெல்லாம் செய்கிறார் என்ற வினாக்கள் அத்தனையும் விடையின்றி நிற்கின்றன. இரண்டே பகுதிகள் மிச்சம். இந்த நிலையில் மார்ச் 20 அன்று திரையில் வந்தது ஓர் இருட்டறையும் ஒரு மடக்கு நாற்காலியும் அதில் அமர்ந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லும் ஒரு சிறுவனும். அடுத்த வாரம் அது இன்னும் தூரம் போனது. புகைப்படங்கள், பென்சில் கோடுகள், எழுத்து அட்டைகள், இடையே எல்லாரும் மகிழ்ச்சியாகப் பள்ளிக்கூடம் போகும் ஒரு மாற்று உலகம், கடைசியில் கதைமாந்தர் அனைவரும் ஷின்ஜியைச் சூழ்ந்து நின்று கைதட்டி வாழ்த்துவது. அத்துடன் தொடர் முடிந்துவிட்டது.

கோபத்துக்குக் காரணம் இது 'புரியவில்லை' என்பதுதான் என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 26ஆம் பகுதி சொல்வது உண்மையில் மிக எளிமையானது: தன்னை வெறுக்கும் ஒரு சிறுவன், அந்த வெறுப்பு தானே கட்டிக்கொண்ட ஒன்று என்பதை உணர்ந்து, தான் இங்கே இருக்கலாம் என்ற முடிவுக்கு வருகிறான். பதினான்கு வயதுப் பிள்ளைக்கும் இது புரியும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. தொடர் ஆரம்பத்திலிருந்தே பார்வையாளரிடம் இரண்டு கடன்களை வாங்கி வைத்திருந்தது. ஒன்று, உலகத்துக்கு என்ன ஆகும் என்ற கதைக் கடன். மற்றொன்று, ஷின்ஜிக்கு என்ன ஆகும் என்ற மனக் கடன். கடைசி இரண்டு பகுதிகள் இரண்டாவது கடனை முழுமையாக அடைத்துவிட்டு, முதலாவதைத் தொடவே இல்லை. ஷின்ஜிக்காகப் பார்த்தவர்கள் அழுதார்கள். புதிர்களைக் குறிப்பேட்டில் எழுதிவைத்துக் காத்திருந்தவர்கள் தம்மை ஏமாற்றிவிட்டதாக உணர்ந்தார்கள். இரு தரப்பும் சரியாகத்தான் உணர்ந்தார்கள் என்பது என் கருத்து. தொடரின் படைப்பாளிகளும் இதை மறைக்கவில்லை. 26ஆம் பகுதியின் தொடக்கத்தில் வரும் எழுத்து அட்டைகளைக் கவனித்துப் பாருங்கள். மனங்களின் பூரணத்துவம் தொடர்ந்து நடக்கிறது என்றும், அனைத்தையும் விவரிக்க நேரம் போதவில்லை என்றும், ஆகவே ஷின்ஜி என்ற ஒரு சிறுவனின் கதையை மட்டும் சொல்லப்போவதாகவும் அவை வெளிப்படையாகவே அறிவிக்கின்றன.

அந்த 'நேரம் போதவில்லை' என்ற சொற்கள் கதைக்குள்ளும் பொருந்துகின்றன, கதைக்கு வெளியே ஸ்டூடியோவுக்கும் பொருந்துகின்றன. இங்கேதான் பணம் தீர்ந்துவிட்டது என்ற பேச்சுக்கு வருகிறேன். இணையத்தில் மிக அதிகமாகத் திரும்பச் சொல்லப்படுவது இதுதான். ஆனால் இருப்பவற்றில் மிகப் பலவீனமான விளக்கமும் இதுதான். தொடரில் பணியாற்றியவர்கள் பின்னாளில் சொன்னவற்றில் திரும்பத் திரும்ப வருவது கால அட்டவணை குலைந்துபோன கதை. துணை இயக்குநர் கசூயா ட்சுருமாக்கியும் பிற்பகுதியில் அட்டவணை நாசமாகிவிட்டதையும் செல்களின், அதாவது ஒளிபுகும் தாளில் கையால் வண்ணம் தீட்டிய படங்களின், எண்ணிக்கை சரிந்ததையும் வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். பணத்துக்கும் நேரத்துக்கும் உள்ள வேறுபாடு வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சிறியதாகத் தோன்றலாம். எங்களுக்கு அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. அன்று அனிமேயைக் கணினியில் வண்ணம் தீட்டிச் செய்யவில்லை. கதைவசனம் முடிந்ததும் ஸ்டோரிபோர்டு, பிறகு லேஅவுட், முக்கியப் படங்களாகிய கீ-அனிமேஷன், அவற்றின் நடுவே வரும் இன்பிட்வீன் படங்கள், அவை ஒவ்வொன்றையும் ஒளிபுகும் தாளில் பதித்துக் கையால் வண்ணம் தீட்டும் வேலை, பின்னணி ஓவியத்தின் மேல் அவற்றை அடுக்கிக் கேமராவுக்குக் கீழே ஒவ்வொரு சட்டகமாகப் படம் பிடிக்கும் வேலை, அதன் பிறகே படத்தொகுப்பும் ஒலிச்சேர்க்கையும். அரைமணி நேர நிகழ்ச்சி ஒன்றுக்குச் சில ஆயிரம் செல்கள் தேவைப்படும். ஸ்டோரிபோர்டு இரண்டு வாரம் தாமதமானால், ஒளிபரப்புத் தேதி நகராதபோது, அந்த இரண்டு வாரமும் பின்னால் இருக்கும் வண்ணக்காரர்களின் தலையில்தான் விழும். அந்தக் கட்டத்தில் எவ்வளவு பணத்தைக் கொட்டினாலும் புதன்கிழமையை வியாழக்கிழமை ஆக்க முடியாது.

அப்படிப்பட்ட நெருக்கடியில் ஓர் இயக்குநரின் கையில் மிச்சம் இருப்பவை என்ன? நிலைப்படங்கள், முந்தைய பகுதிகளிலிருந்து எடுத்த காட்சிகள், எழுத்து அட்டைகள், புகைப்படங்கள், ஸ்டோரிபோர்டின் கோடுகள், குரல் நடிகர்களின் குரல்கள். 25, 26 ஆகிய பகுதிகள் ஏறக்குறைய முழுவதும் இவற்றால் ஆனவை என்பதை எண்ணிப் பாருங்கள். இதை வைத்து 'அவசரத்தில் ஒப்பேற்றிவிட்டார்கள்' என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஏனென்றால் அன்னோ இந்த உத்திகளை நெருக்கடி வருவதற்கு முன்பே விரும்பிப் பயன்படுத்தியவர். 22ஆம் பகுதியில் ஷின்ஜியின் தோழிகளான அசுகாவும் ரெய்யும் மின்தூக்கிக்குள் பேசாமல் நிற்கும் காட்சியை நினைவுகூருங்கள். 24ஆம் பகுதியில் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி ஒலிக்க, ஷின்ஜி கவோருவைக் கையில் பிடித்தபடி ஏறத்தாழ ஒரு நிமிடம் அசையாமல் நிற்கும் காட்சியை நினைவுகூருங்கள். அசைவே இல்லாத அந்தச் சட்டகத்தை யாரும் சிக்கனம் என்று திட்டவில்லை. தொடரின் உச்சமாகவே கொண்டாடுகிறார்கள். ஆகவே அசையாத படங்கள் ரசிகர்களைக் கோபப்படுத்தவில்லை. கதை நகரவேண்டிய இடத்தில் அது நகராமல் நின்றதுதான் கோபப்படுத்தியது. நான் கற்பிக்கும் வகுப்புகளில் இந்த ஒரு வேறுபாட்டை விளக்க இந்தத் தொடரைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

அட்டவணை மட்டும்தான் காரணமா என்றால், இல்லை. ஒளிபரப்பு தொடங்குவதற்கு முன்பு, 1995 கோடையில், யோஷியுகி சதமோட்டோ வரைந்த எவாஞ்சலியன் மாங்காவின் (ஜப்பானியச் சித்திரக்கதையின்) முதல் தொகுதியில் அன்னோ ஒரு சிறிய முன்னுரை எழுதியிருக்கிறார். நான்கு ஆண்டுகள் எதுவும் செய்ய இயலாமல் உடைந்து கிடந்த மனிதனாகத் தன்னை அதில் அறிமுகப்படுத்திக்கொள்கிறார். கதை எங்கே போய் முடியும், ஷின்ஜியும் மற்றவர்களும் என்ன ஆவார்கள் என்பது தனக்கே தெரியாது என்றும் வெளிப்படையாக எழுதுகிறார். ஆக, முடிவைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்கப்பட்ட தொடர் அல்ல இது. தன் மனநிலையைத் தேடிக்கொண்டே எழுதும் ஒருவர், அதோடு வாரா வாரம் நெருங்கிவரும் காலக்கெடு: இரண்டும் சேர்ந்தபோது 26ஆம் பகுதி அந்த வடிவத்தை எடுத்தது என்பதே ஆதாரங்கள் தாங்கக்கூடிய விளக்கம். டோக்கியோ சுரங்க ரயிலில் ஓம் ஷின்ரிக்யோ என்ற மதக் கூட்டத்தார் 1995 மார்ச் 20 அன்று நடத்திய சாரின் நச்சுவாயுத் தாக்குதலுக்குப் பின், கதையின் சில பகுதிகள் அந்தக் கூட்டத்தின் செயல்களை ஒத்திருந்ததால் மாற்றப்பட்டன என்று ஒரு விளக்கமும் உண்டு. 25ஆம் பகுதி சரியாக அந்தத் தாக்குதலின் முதலாண்டு நினைவு நாளில்தான் ஒளிபரப்பானது. ஆனால் தேதிகள் பொருந்துவதை வைத்துக் காரணத்தை நிறுவ முடியாது. இந்த விளக்கத்தை நான் சந்தேகத்துக்குரிய பட்டியலிலேயே வைக்கிறேன்.

இனி பார்வையாளர்கள். கோபம் இருந்தது, அது கடுமையாகவும் இருந்தது என்பதில் ஐயமில்லை. அன்று இணையம் இன்றுபோல் பரவியிருக்கவில்லை. ஜப்பானில் நிஃப்டி-செர்வ் போன்ற கணினித் தொடர்புச் சேவைகளிலும் இதழ்களின் வாசகர் பக்கங்களிலும் தொடரைத் தயாரித்த கைனாக்ஸ் ஸ்டூடியோவுக்கு வந்த கடிதங்களிலும்தான் இந்த எதிர்வினைகள் பதிவாயின. ஆனால் ஒரு நிகழ்ச்சியைப் பற்றிக் கடிதம் எழுதுபவர்கள் அதைப் பார்த்தவர்களில் மிகச் சிறு பகுதியினர், அவர்களிலும் உணர்ச்சி முற்றியவர்களே பெரும்பாலும் எழுதுகிறார்கள். எத்தனை பேர் அமைதியாக ஏற்றுக்கொண்டார்கள் என்பதை அந்தக் கடிதங்களைக் கொண்டு அளவிட முடியாது. ஆகவே 'ஜப்பானே கொந்தளித்தது' என்ற வாக்கியத்தைக் கண்டால் சற்று நிதானியுங்கள். எதிர்த்திசையில் காட்டும் உறுதியான செய்திகளும் உள்ளன. 1997இல் நிஹோன் எஸ்.எஃப். தைஷோ என்ற மதிப்புமிக்க அறிவியல் புனைவு விருது இந்தத் தொடருக்குக் கிடைத்தது. அதே ஆண்டில் தொடர் நள்ளிரவு நேரங்களில் மறு ஒளிபரப்பானபோது, முதல் ஒளிபரப்பைத் தவறவிட்ட பெரியவர்கள் கூட்டம் கூட்டமாக அதைத் தேடி வந்தார்கள். விமர்சகர்களும் உளவியலாளர்களும் அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். எவாஞ்சலியன் ஒரு சமூக நிகழ்வாக உயர்ந்தது தொடர் முடிந்த பிறகுதான். அதில் அந்த முடிவுக்கும், அதைப் பற்றி ஓயாமல் நடந்த வாதத்துக்கும் பெரிய பங்கு உண்டு என்று நம்புகிறேன். எல்லாருக்கும் நிறைவு தரும் ஒரு போர்க்காட்சியோடு முடிந்திருந்தால் இத்தனை ஆண்டுகள் கழித்தும் நீங்களும் நானும் இதைப் பேசிக்கொண்டிருப்போமா என்பது சந்தேகமே.

கொலை மிரட்டல் பற்றிய பேச்சு எங்கிருந்து வந்தது என்றால், 1997 ஜூலை 19 அன்று வெளியான 'தி எண்ட் ஆஃப் எவாஞ்சலியன்' படத்திலிருந்தேதான். அதன் பிற்பகுதியில், அனிமேஷன் நின்று நிஜக் காட்சிகள் வரும் இடத்தில், ரசிகர்கள் அனுப்பிய செய்திகள் கண் இமைக்கும் வேகத்தில் திரையில் ஓடி மறைகின்றன. அன்னோவைக் கொல்வேன் என்ற சொற்களும் அவற்றில் இருக்கின்றன. இதை வைத்தே முழுப் படத்தையும் பழிவாங்கல் என்கிறார்கள். ஆனால் அந்தச் சட்டகங்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தவர்கள், அவற்றில் பாராட்டுகளும் நன்றிகளும் கலந்திருப்பதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். வெறுப்பு மட்டும் தொகுக்கப்படவில்லை. அதே இடத்தில் திரையரங்க இருக்கைகளில் அமர்ந்திருக்கும் உண்மையான பார்வையாளர்களின் காட்சியும் வருகிறது. ஒரு ஸ்டோரிபோர்டு ஓவியனாக அந்த வரிசையைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: கனவுக்கும் நிஜத்துக்கும் உள்ள எல்லையை ஷின்ஜி கேட்டுத் தெரிந்துகொள்ளும் தருணத்தில், பார்வையாளரின் கனவையும் கலைத்து, 'நீங்களும் இங்கே இருக்கிறீர்கள்' என்று அவர்களையே அவர்களுக்குக் காட்டுகிறது படம். அதில் கசப்பு இல்லை என்று சொல்லமாட்டேன். அனிமேக்குள் ஒதுங்கி வாழும் ரசிகர்களை அன்னோ அந்த ஆண்டுகளில் கடுமையாக விமர்சித்தது பதிவில் உள்ள செய்தி. ஆயினும் கசப்பு வேறு, பழிவாங்கும் நோக்கம் வேறு. இரண்டாவதை நிறுவும் வாக்குமூலம் எதையும் நான் படித்ததில்லை.

பழிவாங்கல் கதைக்கு எதிராக இன்னொரு வலுவான சான்று 25ஆம் பகுதிக்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டதால் திரும்பிப்போய்ச் சரிபார்க்கலாம். ஷின்ஜியின் மேலதிகாரி மிசாட்டோ இரத்தக்கறையோடு ஒரு தாழ்வாரத்தில் கிடப்பதும், விஞ்ஞானி ரிட்சுகோவின் உடல் நீரில் மிதப்பதும் ஓரிரு கணங்கள் காட்டப்படுகின்றன. அன்று பார்த்தவர்களுக்கு அவை விளங்காத படங்கள். படத்தைப் பார்க்கும்போது அவை எந்த நிகழ்ச்சியின் துண்டுகள் என்பது விளங்கும். அதாவது, ரசிகர்களின் ஒரு கடிதம்கூட வருவதற்கு முன்பே, வெளியே நடக்கும் கதையின் எலும்புக்கூடு படைப்பாளிகளின் கையில் இருந்தது. 25ஆம் பகுதிக்கென முதலில் எழுதி, நேரமின்மையால் கைவிட்ட கதைவசனமே படத்தின் முதல் பாதியாயிற்று என்று ஸ்டூடியோ தரப்பில் சொல்லப்பட்டதும் இதோடு பொருந்துகிறது. ரசிகர்களின் கோபமும், அதைவிடக் கூடுதலாக அவர்களின் ஆர்வமும், படம் எடுப்பதற்கான வாய்ப்பையும் சந்தையையும் உருவாக்கித் தந்தன என்பது நியாயமான முடிவு; படத்தின் உள்ளடக்கத்தை அந்தக் கோபம் பிறப்பித்தது என்பது நியாயமற்றது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும்: 1997 மார்ச் 15 அன்றே புதிய முடிவோடு ஒரு படம் வெளியாகவேண்டியிருந்தது. அதுவும் குறித்த காலத்தில் முடியாமல், பழைய பகுதிகளின் தொகுப்போடு புதிய கதையின் முற்பகுதியை மட்டும் இணைத்து வெளியிட்டார்கள். மிச்சத்துக்காக ரசிகர்கள் மீண்டும் நான்கு மாதம் காத்திருந்தார்கள். திரைப்படத்துக்குரிய வசதிகள் கிடைத்தும் அதே தாமதம் நேர்ந்தது என்றால், தொலைக்காட்சித் தொடரில் சிக்கல் எங்கே இருந்தது என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

ரசிகர்களின் எதிர்ப்பால் முடிவு மாறவே மாறாது என்றும் நான் சொல்லவில்லை. 'அட்டாக் ஆன் டைட்டன்' மாங்காவின் இறுதி அத்தியாயம் 2021 ஏப்ரலில் வந்தபோது, கதைநாயகன் எரெனும் அவன் நண்பன் ஆர்மினும் பேசும் இடம் உலகெங்கும் கடுமையாக விமர்சிக்கப்பட்டது. 2023 நவம்பரில் அனிமேயின் இறுதிப் பகுதி வந்தபோது அந்த உரையாடல் மாங்காவின் ஆசிரியர் ஹஜிமே இசயாமாவின் பங்கேற்போடு மாற்றி எழுதப்பட்டிருந்தது. நிகழ்ச்சிகள் மாறவில்லை, அவற்றுக்கான சொற்கள் மாறின. எவாஞ்சலியன் விஷயம் இதற்கு நேர்மாறானது; அங்கே முதல் முடிவு திரும்பப் பெறப்படவே இல்லை. வீடியோ வெளியீட்டில் 21 முதல் 24 வரையிலான பகுதிகளில் புதிய காட்சிகளைச் சேர்த்தார்கள், ஆனால் 25, 26 ஆகியவற்றை அப்படியே வைத்திருந்தார்கள். அன்னோவும் அந்த வடிவத்தைக் கைவிடவில்லை. 2021 மார்ச் 8 அன்று வெளியான எவாஞ்சலியன் வரிசையின் கடைசித் திரைப்படத்தின் உச்சகட்டத்தில் முடிவுறாத கோட்டோவியங்களும், படப்பிடிப்பு அரங்கு என்பது வெளிப்படையாகத் தெரியும் காட்சிகளும், ஒவ்வொரு கதைமாந்தரின் மனத்தோடும் நடக்கும் நேரடி உரையாடலும் வருகின்றன. 26ஆம் பகுதிக்காக அவரைத் திட்டவைத்த அதே உத்திகள்தாம் இவை. இந்த முறை பெரும்பாலான பார்வையாளர்கள் மனமார ஏற்றுக்கொண்டார்கள். ஜப்பானில் மட்டும் அந்தப் படம் 1,000 கோடி யென்னுக்கு மேல் வசூலித்தது. இரண்டு கடன்களும் இந்த முறை சேர்த்து அடைக்கப்பட்டதே இதற்குக் காரணம் என்பது என் வாசிப்பு. பார்வையாளர்களுக்கும் இயக்குநருக்கும் வயது கூடிவிட்டது என்பதும் காரணமாக இருக்கலாம்.

ஆகவே படத்தைத் தயங்காமல் பாருங்கள். ஆனால் 25, 26 ஆகியவற்றை ஒதுக்கிவைத்துவிட்டு அவற்றுக்குப் பதிலாகப் பார்க்கவேண்டாம். அவற்றை இன்னொரு முறை பார்த்துவிட்டு, ஓரிரு நாள் இடைவெளியில் பாருங்கள். 1997 மார்ச் மாதப் படத்தின் முதற்பகுதி வெறும் தொகுப்பு என்பதால் அதைத் தவிர்த்தாலும் இழப்பில்லை. 'தி எண்ட் ஆஃப் எவாஞ்சலியன்' தொடரைவிடப் பல மடங்கு கொடூரமானது என்பதையும், அதன் தொடக்கக் காட்சியே பலரை முகம் சுளிக்கவைக்கும் பாலியல் தன்மை கொண்டது என்பதையும், தற்கொலை எண்ணமும் தன்வெறுப்பும் அதில் எந்தத் திரையும் இல்லாமல் வருகின்றன என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் மனச்சோர்வில் இருக்கும் நாட்களாக இருந்தால் அதைத் தள்ளிப்போடுவது நல்லது. எது 'உண்மையான' முடிவு என்று படம் முடிந்ததும் நிச்சயம் மறுபடி கேட்பீர்கள். 25ஆம் பகுதியில் தெரியும் அந்தத் துண்டுக் காட்சிகளை வைத்து, இரண்டும் ஒரே நிகழ்ச்சியின் உட்புறமும் வெளிப்புறமும் என்று பலர் வாதிடுகிறார்கள். அது பெருமளவு பொருந்துகிறது, ஆனால் ஷின்ஜி கடைசியில் எடுக்கும் முடிவு இரண்டிலும் ஒன்றுதானா என்ற இடத்தில் அந்த வாதம் இடறுகிறது. அதைப் பற்றி நீங்கள் படத்தைப் பார்த்த பிறகு பேசுவதுதான் உங்களுக்கு நியாயம்.